பத்து ரூபாய் நோட்டில் கையெழுத்துப் போட்ட ரங்கராஜனும் நம்ம கவர்னராக இருந்த ரங்கராஜனும் ஒரே ஆளா? அப்பாவோடு பந்தயம்

புளிமண்டி மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தர்மபுரி, குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா புளி மண்டி வைத்திருக்கிறார். போன வாரம் மண்டியில் கல்லாப்பெட்டியைத் துடைக்கப் போனபோது அடியில் மஞ்சள் துணியில் மடித்து வைத்த ஒரு பழைய பத்து ரூபாய் நோட்டு கிடைத்தது. 1997இல் மண்டி போட்ட அன்றைக்கு வந்த முதல் போணியாம், இத்தனை வருடம் அதைத் தொட்டதே இல்லையாம். முன்பக்கம் காந்தி, பின்பக்கம் யானை, புலி, காண்டாமிருகம். ஓரத்தில் புளிக்கறை. கையெழுத்து சி. ரங்கராஜன்.

இங்கேதான் சண்டை ஆரம்பித்தது. அப்பா நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த மனுசன்தான் ஓபிஎஸ்ஸுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார், டிவியில் பார்த்தேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அப்பா, அது ரிசர்வ் வங்கி ஆளுநர், இது மாநில ஆளுநர், தமிழில் ரெண்டுக்கும் ஒரே வார்த்தை என்பதால் குழப்பிக்கொள்கிறீர்கள், ரங்கராஜன் என்ற பெயரில் நம்ம ஊரிலேயே பத்துப் பேர் இருப்பார்கள் என்றேன். அவர் விடவில்லை. நூறு ரூபாய் பந்தயம்.

கைடு புத்தகத்தில் பார்த்தால் பிறப்பு, பதவி, விருது என்று நாலு வரி இருக்கிறது, அதிலும் "ஆளுநர்" என்றுதான் போட்டிருக்கிறது, எந்த ஆளுநர் என்று இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முடிந்தால் இவர் உண்மையில் என்னதான் செய்தார் என்பதையும் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள், பதவிப் பட்டியல் வேண்டாம், அதை மனப்பாடம் பண்ணிப் பண்ணி அலுத்துவிட்டது.

அரூர் வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, நூறு ரூபாயை எடுத்து அப்பா கையில் கொடுத்துவிடுங்கள்.

ஒரே ஆள்தான். 1992 டிசம்பர் 22 முதல் 1997 நவம்பர் 21 வரை ரிசர்வ் வங்கி ஆளுநர். அதிலிருந்து மூன்றாம் நாள், நவம்பர் 24, ஆந்திராவுக்குக் கவர்னராகப் போய்விட்டார். மும்பை ஆபீஸைக் காலி செய்த சாமான் ஹைதராபாத் ராஜ்பவனுக்கு வந்து சேர்ந்ததோ இல்லையோ, மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். 2003 தொடக்கம் வரை அங்கேதான். நடுவில் ஒரிசாவுக்குக் கொஞ்ச காலம் கூடுதல் பொறுப்பு. அப்புறம் 2001 ஜூனில் சென்னையில் நள்ளிரவுக் கைது நடந்து, அந்தக் களேபரத்தில் அப்போதைய கவர்னர் பாத்திமா பீவி பதவி விலகினாரே, அந்த இடத்துக்குக் கூடுதல் பொறுப்பாக வந்தவர் இவர். 2001 ஜூலை முதல் 2002 ஜனவரி வரை. அதற்கிடையே 2001 செப்டம்பர் 21ஆம் தேதி ஜெயலலிதா முதல்வராக இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, அன்றைக்கே ஓபிஎஸ் பதவி ஏற்றார். செய்து வைத்தவர் ரங்கராஜன். அப்பா டிவியில் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

தேர்வுக்கு வேண்டுமானால் இதையும் வைத்துக்கொள்ளுங்கள்: 1932இல் அரியலூரில் பிறந்தவர், சென்னை லயோலாவில் படித்து, அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1964இல் டாக்டர் பட்டம். பன்னிரண்டாவது நிதிக்குழுத் தலைவர். 2002இல் பத்ம விபூஷண். எந்த ஐஏஎஸ் தேர்வும் எழுதி வந்தவர் இல்லை, வாத்தியார் தொழிலில் இருந்து வந்தவர். அகமதாபாத் ஐஐஎம்மில் மட்டும் பத்து வருடத்துக்கு மேல் பாடம் எடுத்திருக்கிறார். நானும் வாத்தியார் என்பதால் இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற கேஷியர் எழுதியது:

அம்மா, "என்னதான் செய்தார்" என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு நான் பதில் சொல்கிறேன். 1983இல் நம் மாவட்டத்தில் ஒரு தேசிய வங்கிக் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தவன் நான், கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகாத காலம், ஓசூர் வரைக்கும் எல்லாம் தர்மபுரிதான். ரங்கராஜன் என்ற பெயரை நாங்கள் முதலில் கேள்விப்பட்டது நோட்டில் இல்லை, யூனியன் மீட்டிங்கில். நல்லவிதமாகவும் இல்லை.

அப்போது அவர் ரிசர்வ் வங்கியில் துணை ஆளுநர், 1982இலேயே வந்துவிட்டார். வங்கிகளில் கம்ப்யூட்டர் கொண்டுவருவது பற்றி அவர் தலைமையில் ஒரு கமிட்டி, 1984இல் அறிக்கை. 1989இல் இன்னொன்று. எங்கள் கிளை எப்படி இருந்தது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். செக்கைக் கொடுத்தால் கையில் ஒரு பித்தளை டோக்கன் கொடுப்போம், நடுவில் எண் வெட்டியிருக்கும். அது லெட்ஜருக்குப் போய், ஆபீசருக்குப் போய், கேஷுக்கு வருவதற்குள் பாதிப்பேர் வெளியே டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். சிலர் டோக்கனோடு வீட்டுக்கே போய்விடுவார்கள், அது வேறு கதை. அரையாண்டுக் கணக்கு முடிக்கிற நாட்களில் ஒவ்வொரு சேமிப்புக் கணக்கிலும் ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரைக்கும் எது குறைந்த இருப்பு என்று விரலை வைத்துத் தேடி எழுதி, கூட்டி, வட்டி போடவேண்டும். இருபது பைசா உதைத்தால் விடிய விடிய உட்கார்ந்து தேடவேண்டும். என் பெரிய பையன் பிறந்த ராத்திரி நான் அப்படித்தான் ஒரு பன்னிரண்டு ரூபாய் வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட இடத்துக்குக் கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் வேலை போய்விடும் என்று கோஷம் போட்டோம். நானும் போட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. முதலில் வந்தது முழுக் கம்ப்யூட்டர்கூட இல்லை, ஏஎல்பிஎம் என்று லெட்ஜர் எழுதும் மிஷின், அதைக் குளிர்பதன அறையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம். யாருக்கும் வேலை போகவில்லை. ஆனால் எனக்குப் பிறகு கிளைக்கு ஆள் எடுப்பது குறைந்துபோனது என்பதும் உண்மை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ஆளுநர் ஆன பிறகு செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்று. உங்கள் மண்டியை வைத்தே சொல்கிறேன். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்துகிற மண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், கல்லாவில் தம்பி உட்கார்ந்திருக்கிறார். அண்ணனுக்கு எப்போது பணம் குறைந்தாலும் கல்லாவில் கைவிட்டு எடுத்துக்கொண்டு ஒரு துண்டுச்சீட்டுப் போட்டுவிட்டுப் போவார், "91 நாளில் தருகிறேன்" என்று. 91ஆம் நாள் வந்து பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதுச் சீட்டு வைப்பார். இப்படி வருடக்கணக்கில். மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் 1955இலிருந்து இப்படித்தான் இருந்தார்கள். அரசின் கையிருப்பு 50 கோடிக்குக் கீழே போனால் தானாகவே ஒரு சீட்டு உருவாகும், அட் ஹாக் கருவூல உண்டியல் என்று பெயர். 1974க்குப் பிறகு அதற்கு வட்டி 4.6 சதவீதம், வெளியே என்ன விலை ஏறினாலும் அதே 4.6தான். தற்காலிகம் என்று ஆரம்பித்தது, திருப்பி வைப்பதே இல்லை. கல்லாவில் பணம் இல்லாதபோது தம்பி என்ன செய்வார்? இந்தத் தம்பியிடம் நோட்டடிக்கும் மிஷின் இருக்கிறதே. அப்படி அடித்து ஊருக்குள் விட்ட பணம்தான் பிறகு புளி விலையிலும் அரிசி விலையிலும் வந்து நிற்கும்.

இதற்குத்தான் இவர் பூட்டுப் போட்டார். 1994 செப்டம்பரில் அரசோடு ஓர் ஒப்பந்தம், அப்போது மன்மோகன் சிங் நிதியமைச்சர். வருடக் கடைசியில் இவ்வளவுக்கு மேல் சீட்டு நிற்கக்கூடாது என்று ஒரு வரம்பு, முதல் வருடத்துக்கு 6,000 கோடி. மூன்று வருடத்தில் படிப்படியாகக் குறைத்து 1997 ஏப்ரலோடு அந்தப் பழக்கமே நின்றது. அதற்குப் பதிலாக அவசரத்துக்கு வரம்போடு கைமாற்று, குறித்த நாளில் திருப்பித் தரவேண்டும், மீதிக்கு அரசு சந்தையில் போய்ச் சந்தை வட்டிக்குக் கடன் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. அண்ணன் கையைத் தட்டிவிடுவது எந்தத் தம்பிக்கும் லேசு இல்லை. அதுவும் சத்தமே போடாமல், அண்ணனையே கையெழுத்துப் போட வைத்து.

இன்னொன்று. 1991 வாக்கில் நீங்கள் எங்கள் கிளையில் 100 ரூபாய் டெபாசிட் போட்டால் 53 ரூபாய் 50 காசு நேராக மேலே போய்விடும். 38.50 அரசுப் பத்திரத்தில், 15 ரிசர்வ் வங்கியில். மிச்சம் 46.50இல்தான் விவசாயி, வியாபாரி எல்லோருக்கும் கடன். அதிலும் பயிர்க்கடனுக்கு ஒரு வட்டி, கைத்தறிக்கு ஒரு வட்டி, கன்றுக்குட்டிக்கு ஒரு வட்டி என்று மேலிருந்து வரும் வட்டிப் பட்டியல் சுவரில் ஒட்டப் போதாது. இவர் போகும்போது அந்த 38.50 வெறும் 25 ஆகியிருந்தது, 2 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வட்டியை வங்கியே வைத்துக்கொள்ளலாம் என்று 1994 அக்டோபரில் வந்தது. எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ, அப்போது யூடிஐ வங்கி என்றிருந்த ஆக்சிஸ் எல்லாம் இவர் காலத்தில் கதவு திறந்து உள்ளே வந்தவை.

கை வலிக்கிறது. மகளிர் குழு பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது, பிறகு வருகிறேன்.

ஏழாங்கல் எழுதியது:

எல்லாம் சரிங்க. நாட்டுத் தங்கத்தைக் கப்பலேற்றி அடகு வைத்த ஆளும் இவர்தானே? அதைச் சொல்லாமல் பூட்டுப் போட்டார் சாவி போட்டார் என்கிறீர்கள்.

மாங்கூழ் கணக்கன் எழுதியது:

ஏழாங்கல் அண்ணா, ஆளை மாற்றிவிட்டீர்கள். 1991 ஜூலையில் 46.91 டன் தங்கம் வெளிநாட்டுக்குப் போனபோது ஆளுநர் எஸ். வெங்கிடரமணன், நாகர்கோவிலில் பிறந்த ஐஏஎஸ்காரர். ரங்கராஜன் அப்போது துணை ஆளுநர். கப்பலில் இல்லை, விமானத்தில் போனது. 40 கோடி டாலர் சுமார் கிடைத்தது, அந்த வருடமே மீட்டாகிவிட்டது. நம் வீட்டில் விதைப்புக்குக் கம்மலை அடகு வைத்து அறுப்புக்கு மீட்பதில்லையா? இறக்குமதிக்கு மூன்று வாரப் பணம்கூடத் தேறாத நேரம், வேறு வழி என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ரங்கராஜன் கை அதே ஜூலையில் இன்னொரு இடத்தில் இருந்தது. ரூபாய் மதிப்பை ரெண்டு தவணையாகக் குறைத்தார்கள், 1ஆம் தேதி ஒரு முறை, 3ஆம் தேதி ஒரு முறை, மொத்தம் 18 சதவீதம் அளவுக்கு. முதல் தடவைக்கே எதிர்ப்பு கிளம்பியதால் ரெண்டாவதை நிறுத்தச் சொல்லிப் பிரதமர் நரசிம்ம ராவ் சொல்ல, மன்மோகன் சிங் 3ஆம் தேதி காலை ரங்கராஜனுக்குப் போன் செய்கிறார். அதற்குள் இவர் அறிவித்து முடித்துவிட்டார். போன் ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன், ஏனென்றால் என் சம்பளம் அதில்தான் இருந்தது.

நான் 1990லிருந்து கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதினேன். பெங்களூரா காய்தான் முக்கால்வாசி, கொஞ்சம் அல்போன்சா. ஜூன் ஜூலையில் ராத்திரி பகலாக ஓடும், முற்றம் முழுக்க லாரி, கொட்டை மலை மாதிரி குவிந்து ஈ மொய்க்கும், வெளியே வந்தால் சட்டையை முகர்ந்தே பஸ்ஸில் தள்ளி உட்காருவார்கள். டின் எல்லாம் வளைகுடாவுக்குப் போகும், பணம் டாலரில் வரும். டாலர் 21 ரூபாயிலிருந்து 26 பக்கம் போனதும் முதலாளி முகத்தில் ஒரு தெளிச்சம். மாங்காய்க்காரருக்கு அதில் எவ்வளவு போனது என்று கேட்காதீர்கள்.

ஆனால் உண்மையான தலைவலி 1992 மார்ச்சில் வந்தது. ஒரே டாலருக்கு ரெண்டு விலை. 100 டாலர் வந்தால் அதில் 40 டாலரை அரசு சொல்லும் குறைந்த விலைக்குக் கொடுக்கவேண்டும், 60 டாலரைச் சந்தை விலைக்கு விற்கலாம். ஒரு பில்லுக்கு ரெண்டு வரி எழுதவேண்டும். முதலாளிக்கு விளக்கிச் சொல்லியே எனக்கு நாக்கு வறண்டது, அந்த நாற்பதை எதற்கு நான் அரசுக்குக் கம்மியாகக் கொடுக்கவேண்டும் என்று என்னைப் பார்த்துக் கத்துவார், நானா வாங்கிக்கொண்டேன்? ரங்கராஜன் ஆளுநராக வந்த மூன்றாம் மாதம், 1993 மார்ச்சில், ரெண்டு விலையும் போய் ஒரே சந்தை விலை. அன்றிலிருந்து பில்லுக்கு ஒரே வரி. பெரிய பொருளாதாரம் எல்லாம் எனக்குத் தெரியாது, அந்த ஒரு வரி மிச்சமானது தெரியும்.

அப்புறம் 1994 ஆகஸ்ட். வெளிநாட்டுப் படிப்பு, வைத்தியம், பயணம், சரக்குக்குக் கொடுக்கும் பணம், இதற்கெல்லாம் டாலர் வாங்க ஒவ்வொன்றுக்கும் அனுமதிக்கு அலைகிற காலம் மலையேறியது. நடப்புக் கணக்கில் ரூபாய் மாற்று என்று உங்கள் கைடில் போட்டிருக்கும் பாருங்கள், அதுதான் இது. ஆனால் சொத்து வாங்கவும் முதலீட்டுக்கும் கதவை முழுசாகத் திறக்கவில்லை. 1997இல் தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாம் சரிந்தபோது நாம் அதிகம் அடி படாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

ஓசூர் லேத் பட்டறை எழுதியது:

ஏற்றுமதிக்காரர் பாடு நல்லாத்தான் இருந்திருக்கும். என் பாட்டையும் கேளுங்கள்.

1994இல் ஓசூரில் ரெண்டு லேத்தோடு பட்டறை போட்டேன், பெரிய கம்பெனிகளுக்கு சின்னச் சின்ன பார்ட் கடைந்து கொடுக்கிற வேலை. கேஷ் கிரெடிட் லிமிட் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. கேஷியர் ஐயா சொன்னாரே, 2 லட்சத்துக்கு மேல் வட்டியை வங்கியே வைத்துக்கொள்ளலாம் என்று, வைத்துக்கொண்டார்கள். எனக்கு 18க்கு மேல் போட்டார்கள். எந்த வங்கி என்பது வேண்டாம், இப்போதும் அங்கேதான் கணக்கு. 1995 கடைசியில் லிமிட்டைக் கூட்டித் தாருங்கள் என்று போனால் மேனேஜர், "பணம் இல்லைப்பா, மேலேயே இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். டீ நல்ல டீ. பில் பணம் வர 90 நாள், சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. ஒரு லேத்தை விற்றுத்தான் தாண்டினேன்.

விலைவாசியை அடக்கவேண்டும் என்று மேலே ஒருவர் திருகாணியைத் திருகினால் கடைசி நெரிசல் எங்கள் கழுத்தில்தான். பொருளாதார மேதை, மறுக்கவில்லை. ஆனால் பாராட்டுவிழா நடக்கும்போது இதுவும் ஒரு மூலையில் இருக்கட்டும்.

மாங்கூழ் கணக்கன் எழுதியது:

லேத் அண்ணா, அந்த இறுக்கத்துக்கு வேரும் டாலரில்தான் இருந்தது. 1993க்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் மளமளவென்று உள்ளே வந்தது. விட்டிருந்தால் ரூபாய் மதிப்பு ஏறி எங்களைப் போன்ற ஏற்றுமதிக்காரர் நொடித்திருப்போம். அதனால் டாலர் 31 ரூபாய் 37 காசிலேயே நிற்கிற மாதிரி ரிசர்வ் வங்கி டாலரை வாங்கிக்கொண்டே இருந்தது, 1995 பாதி வரைக்கும் அந்த 31.37தான், எனக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். டாலர் வாங்கினால் பதிலுக்கு ரூபாய் வெளியே வரும், விலைவாசி இரட்டை இலக்கத்துக்குப் போனது. வங்கிகள் டெபாசிட்டில் ரிசர்வ் வங்கியிடம் வைக்கவேண்டிய ரொக்க இருப்பு அப்போது 14 சதவீதமாக இருந்தது, அதை மறுபடி 15 ஆக்கினார்கள். எங்களைக் காப்பாற்றியதன் செலவில் ஒரு பங்கை நீங்கள் கட்டியிருக்கிறீர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஓசூர் வரும்போது டீ என் கணக்கு.

பென்னாகரம் பஸ் எழுதியது:

கடன், டாலர் எல்லாம் பேசிவிட்டீர்கள். 32 ரூபாயை ஏன் யாரும் பேசவில்லை?

2014இல் இவர் தலைமையில் வறுமைக்கோட்டுக் கமிட்டி அறிக்கை வந்தது. கிராமத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு 32 ரூபாய்க்கு மேல் செலவழித்தால் ஏழை இல்லை, நகரத்தில் 47. நான் அப்போது பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பென்னாகரம் பக்கம் மழை பொய்த்தால் ஊரே பெங்களூர் பஸ் ஏறிவிடும், உங்களுக்குத் தெரியாதது இல்லை. பேப்பரில் இதைப் படித்துவிட்டு எங்கள் ஷெட்டில் ஒரே சிரிப்பு. காலையில் டீயும் பன்னும் சாப்பிட்டு மதியம் ஒரு சாப்பாடு சாப்பிட்டால் நாங்கள் எல்லோரும் பணக்காரர்கள். அன்றிலிருந்து யாராவது ரெண்டாவது வடை எடுத்தால் "என்னடா, கோட்டைத் தாண்டிட்டியா" என்போம்.

ஓய்வு பெற்ற கேஷியர் எழுதியது:

பென்னாகரம் தம்பி கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ரெண்டு விஷயம் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதற்கு முன்னால் டெண்டுல்கர் என்ற பொருளாதார நிபுணரின் கமிட்டி போட்ட வறுமைக்கோட்டுக் கணக்கு என்று ஒன்று இருந்தது, அதில் 27 ரூபாய், 33 ரூபாய். ரங்கராஜன் அதைக் கூட்டித்தான் வைத்தார், அதனால் ஏழைகள் கணக்கு 21.9 சதவீதத்திலிருந்து 29.5 சதவீதமாக ஏறியது, 36 கோடிப் பேருக்கு மேல். நாள் கணக்காகப் பார்த்தால் சிரிப்பு வரும், ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 4,860 ரூபாய் என்று பார்க்கவேண்டும் என்பது அவர் தரப்பு. என் தரப்பு என்னவென்றால், 2012இல் நம் பக்கத்துக் கிராமத்தில் 4,860இல் ஐந்து பேர் உயிரோடு இருக்கலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் வராதவரை. புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் கோடு போடும்போது எங்கேயாவது போட்டுத்தான் ஆகவேண்டும், போடுகிற இடம் அப்படிப்பட்ட இடம்.

சரி, மகளிர் குழு. தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு முதலில் ஆரம்பித்ததே நம் தர்மபுரியில்தான், 1989இல், ஐஃபாட் என்ற பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு. கைடில் நிச்சயம் இருக்கும். அப்போது எங்கள் கிளைக்கு ஊக்குநர் ஒருவரும் பிரதிநிதி ஒருவரும் தீர்மான நோட்டோடு வருவார்கள். நோட்டில் இருபது கையெழுத்து, பாதி ரேகை, ஊதா மை விரல்தாண்டிப் புடவை முந்தானை வரைக்கும் இருக்கும். சொத்துப் பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, குழுவின் பெயரில் கணக்கு. எங்கள் மேனேஜர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இதை எந்தத் தலைப்பில் எழுதுவது" என்று என்னைக் கேட்டார், எனக்கு என்ன தெரியும். ரிசர்வ் வங்கி 1991 ஜூலையில் முதல் சுற்றறிக்கை அனுப்பியது, அப்போது அது சோதனை முயற்சி. 1996 ஏப்ரலில், ரங்கராஜன் ஆளுநராக இருந்தபோது, குழுக்கடன் வங்கியின் வழக்கமான தொழில், முன்னுரிமைக் கடனில் சேரும் என்று வந்தது. எந்தத் தலைப்பு என்ற கேள்வி அன்றைக்குத் தீர்ந்தது. இதை அவர் ஒருவர் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை, இதில் நபார்டு வங்கியின் உழைப்புதான் அதிகம்.

பத்து வருடம் கழித்து அவரே தலைவராக இருந்து நிதிச் சேவை எல்லோருக்கும் போய்ச்சேருவது பற்றி ஒரு கமிட்டி, 2008 ஜனவரியில் அறிக்கை. நாட்டில் பாதிக்கு மேல் விவசாயக் குடும்பங்களுக்கு எங்கேயும் கடனே இல்லை, வங்கி, கூட்டுறவு மாதிரி முறையான இடத்தில் கடன் வாங்கியவர்கள் 27 சதவீதம்தான் என்று அதில் இருக்கிறது. நான் படித்தபோது பித்தளை டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்கள் ஞாபகம் வந்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். வராதவர்கள் கணக்கு இது.

ஏழாங்கல் எழுதியது:

தங்கம் விஷயத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். கேட்டால்தானே தெரிகிறது.

புளிமண்டி மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, கேஷியர் ஐயாவுக்கு ரெண்டு தடவை. அண்ணன் தம்பி கல்லா உதாரணத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அவர் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், நான் மேலே கேட்கவில்லை.

நூறு ரூபாய் கொடுத்தாகிவிட்டது. வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், அந்தப் பத்து ரூபாயோடு சேர்த்து அதே மஞ்சள் துணியில் மடித்து வைத்துவிட்டார். அதன் பிறகு மண்டிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "இந்த நோட்டில் கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா" என்று ஆரம்பிக்கிறார். மாரண்டஹள்ளியிலிருந்து புளி கொண்டுவந்த ஒருவர் மூட்டையை இறக்காமலேயே ஓபிஎஸ் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது அடுத்த பிரச்சினை. அதே பெட்டியில் ஒரு ஒரு ரூபாய் நோட்டும் இருந்தது, அதில் எஸ். வெங்கிடரமணன் கையெழுத்து. தாத்தா கொடுத்தது, 1988இலோ என்னவோ என்கிறார். மாங்கூழ் அண்ணா சொன்ன கணக்குப்படி வெங்கிடரமணன் 1991இல்தானே ஆளுநர்? அதற்கு முன்னாலேயே எப்படி நோட்டில் கையெழுத்து? இந்தத் தடவை பந்தயம் இருநூறு, நோட்டு 1990க்குப் பிறகு அடித்தது என்று நான் சொல்லியிருக்கிறேன். நோட்டில் வருடம் எங்கேயாவது போட்டிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

அரூர் வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது ரிசர்வ் வங்கி இல்லை, மத்திய அரசு. அதில் கையெழுத்துப் போடுவது நிதித்துறைச் செயலாளர். வெங்கிடரமணன் 1985 முதல் 1989 வரை அந்தப் பதவியில் இருந்தார், அப்புறம்தான் 1990 டிசம்பரில் ரிசர்வ் வங்கிக்கு வந்தார்.

இருநூறை எடுத்து வையுங்கள்.